‘மெல்ல’ பட்டியலில் இல்லை

டிசம்பர் 1, திங்கள்

பனி. காலை ஆறரைக்குக் கம்பெனி கேட்டே தெரியவில்லை, செக்யூரிட்டி கையிலிருந்த டார்ச் மட்டும். ஓசூரில் இந்த மாதம் இப்படித்தான். காரைத் துடைத்தேன். கூரைமேல் சுற்றுகிற டப்பா, கேமரா ஆறு. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி, தனித் திரவம். என் மூக்குக் கண்ணாடிக்கு என் சட்டை நுனி.

இன்று முதல் புது ரூட். இதுவரை நாலு வழிச் சாலை மட்டும். இனி சூளகிரி, பேரிகை, அப்படியே வேப்பனப்பள்ளி. ஊர் ரோடு. கார் தானாக ஓடும். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பேன், கை இரண்டும் தொடைமேல். ஆபத்து என்று பட்டால் மட்டும் பிடிக்கலாம். பிடித்தால் பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு இருக்கிற சஹானா குறித்துக்கொள்வாள். பெங்களூர்ப் பெண், இன்ஜினியர், எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயது. நான் பிடிப்பதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் இருக்கிறது. நான் ‘பிடி’ என்று எழுதிக்கொள்கிறேன். பிரேக் மிதித்தாலும் பிடி. ஹாரன் அடித்தாலும் பிடி.

பதினெட்டு வருஷம் கன்டெய்னர் ஓட்டியவன். இப்போது ஸ்டியரிங்கைத் தொட்டால் கெட்ட பேர்.

இன்று பிடி: 23.
மாடு – 6
தப்புப் பக்கத்தில் வந்த பைக் – 9
எதிர் லாரி லைட் அடித்தது – 4. லாரிக்காரன் ‘நான் வர்றேன், ஒதுங்கு’ என்கிறான். கார் அதை ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு நேரே போகிறது.
கல்யாண ஊர்வலம் – 1
மீதி ஞாபகமில்லை.

இடுப்பு வலி குறைவு. டாக்டர் லாரி ஏறவே கூடாது என்று சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வேலையும் போனால் வாட்ச்மேன் ஸ்டூல்தான். அதிலும் உட்கார முடியுமா, தெரியாது.

டிசம்பர் 2, செவ்வாய்

பனி பத்து மணி வரை. பேரிகை தாண்டி நாலாவது கிலோமீட்டரில் கார் நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டது. முன்னால் ரோடு முழுக்க ராகித் தாள். இந்தப் பக்கம் யாருக்கும் இது அதிசயமில்லை. அறுத்த ராகியைக் கதிரோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டியெல்லாம் ஏறி ஏறி மணி உதிரும். களம் தேவையில்லை, மாடு தேவையில்லை, அரசாங்க ரோடு இருக்கிறது. செய்யக்கூடாதுதான். எல்லாரும் செய்கிறார்கள்.

கார் அதைச் சுவர் என்று நினைத்துவிட்டது. நாற்பது மீட்டர் தள்ளி நின்று யோசிக்கிறது. பின்னால் பால் வண்டிக்காரன் ஹாரன். தாளுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா, தலையில் துண்டு கட்டி, வா வா என்று கை காட்டுகிறாள். உள்ளங்கை கீழே பார்க்க, விரலை மட்டும் மடக்கி மடக்கி. கார் அதற்கும் பயந்து இன்னும் அரை அடி பின்னால் போனது. சஹானா டைப் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா நடந்தே வந்துவிட்டாள், ஜன்னல் பக்கம்.

“ஏம்பா, நின்னுட்ட? ஏத்துப்பா மேல. வண்டியே வர்லன்னு காத்துனுக்கீறோம்.”

“நான் ஓட்டலம்மா. வண்டியே ஓட்டுது.”

“அது ஓட்டுதா? அப்ப நீ இன்னாத்துக்கு குந்தினுக்கீற?”

சஹானா சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது, அம்மாமேல் இல்லை.

பேர் ரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், சஹானா கன்னடம் என்று தெரிந்ததும் அவளோடு கன்னடம். புருஷன் திம்மராயன், கவைக் குச்சியால் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. காது மந்தமாம். “பஸ்ஸு வந்தாத்தான் அவருக்குக் கேக்கும், அதுவும் கிட்ட வந்தா” என்றாள்.

நம் காரோ பேட்டரி கார். எனக்கே அதன் சத்தம் கேட்பதில்லை.

பிடி: 31. அதில் தாள் 12. போகும்போது ஆறு இடம், வரும்போது அதே ஆறு.

டிசம்பர் 4, வியாழன்

வெயில். ஆனால் மதியத்துக்குப் பிறகு வண்டி இல்லை, ஆபீஸ். எனக்கு வலி கொடுக்கிற நாற்காலி. எடுத்த வீடியோவைத் துண்டு துண்டாகக் காட்டுவார்கள், அதில் மனுஷன் என்ன சொல்கிறான் என்று நான் குறிக்க வேண்டும். குறித்ததை வைத்துத்தான் கார் படிக்கும். இங்கே அதை டேக் போடுவது என்கிறார்கள். இன்ஜினியர்களுக்கு ரோட்டு பாஷை தெரியாது, அதனால் டிரைவர்கள் போடுகிறோம். ஆக, நான் வாத்தியார். படித்தது ஒன்பதாவது.

இன்று முழுக்க ‘கை’. பட்டியலில் மூன்றே மூன்று.
1. வா
2. நில்
3. தெரியவில்லை

ரத்னம்மா கை வந்தது. வா. இன்னொரு ஊரில் ஒரு பையன், வா. டிராஃபிக் போலீஸ், நில். சுலபம்.

அப்புறம் ஒன்று. ரோட்டோரம் ஓர் ஆள், உள்ளங்கை கீழே, முழுக் கையையும் மேலும் கீழுமாகத் தட்டுகிறான். பின்னால் மாடு. இது வா இல்லை. நில்லும் இல்லை. ‘மெல்ல’. குழந்தையைத் தூங்க வைக்கிற கை. விரல் மடங்கினால் வா, மணிக்கட்டு அசைந்தால் மெல்ல. எங்கள் ஊரில் மூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் நாற்பது மீட்டரில் கேமராவுக்கு விரல் தெரியாது. இரண்டும் ஒரே ஆட்டம்.

சஹானாவிடம் போய்க் கேட்டேன்.

“மெல்லன்னு ஒண்ணு சேருங்கம்மா.”

“பட்டியல் மேலிருந்து வர்றது அண்ணா. நாம மாத்தக் கூடாது.”

“அப்ப இத என்னன்னு போடறது?”

“நில் போட்டா மறுபடி எல்லாத் தாள் முன்னாடியும் நின்னுடும். தெரியவில்லை ரொம்பப் போட்டா உங்க மார்க் போகும். அவர் வண்டிய நிக்கச் சொல்லலதானே? இப்போதைக்கு வா போடுங்க. அப்புறம் பாக்கலாம்.”

நல்ல பெண். தப்பு எண்ணம் இல்லை. ஆனால் இந்த ‘அப்புறம் பாக்கலாம்’ நான் லாரியில் இருந்தபோதும் கேட்டது, பிரேக் கட்டை தேய்ந்தது என்று முதலாளியிடம் சொன்னால் வருகிற அதே வாக்கியம்.

மெல்ல மொத்தம் 17. எல்லாம் வா என்று போட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றச் சொன்னால் எத்தனை என்று தெரிய வேண்டும்.

மறக்காமல்: வீட்டுக்காரி பிலோவுக்குக் கால் வலித் தைலம். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு பல்பு.

டிசம்பர் 8, திங்கள்

மேகம். புதிதாகப் படித்ததைக் காரில் ஏற்றிவிட்டார்கள். ரத்னம்மாவின் தாள்மேல் கார் ஏறியது. தானாக. அவள் கை காட்டினாள், அது வேகத்தைக்கூடக் குறைக்காமல் சரசரவென்று ஏறிப் போனது. நான் தொடவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சைக்கிள் பழகின பிள்ளையை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறவன் மாதிரி.

திரும்பி வரும்போது ரத்னம்மா நிறுத்தச் சொல்லி ஒரு பை அவரைக்காய் கொடுத்தாள்.

“டப்பா காருக்கு புத்தி வந்துட்ச்சே.”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“அப்ப உனுக்கு ஒரு ரூவா கூட்டிக் குடுப்பானா?”

சஹானா லேப்டாப்பில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பிடி: 9. ஒரே வாரத்தில் 31 ஒன்பதாகிவிட்டது. பிலோ அவரைக்காயைப் பார்த்து, “இந்தக் கம்பெனியில இதாவது தர்றாங்களே” என்றாள். குழம்பு நன்றாக இருந்தது.

டிசம்பர் 11, வியாழன்

குளிர். ஸ்வெட்டர் போதவில்லை. காலையில் மேனேஜர் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயசு இருக்கும், என்னைச் சவரி என்பார், சார் என்று நான் சொல்ல வேண்டும். பதினாறாம் தேதி பெரியவர்கள் வருகிறார்களாம், வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர். பின் சீட்டில் உட்கார்ந்து வேப்பனப்பள்ளி வரை வருவார்கள்.

“அன்னிக்கு ஜீரோ வேணும் சவரி.”

“ரோட்ட பொறுத்து சார்.”

“வண்டி ரெடி. இப்ப நமக்கு இருக்கிற பிரச்சனை உங்க கைதான். சும்மா சும்மா பிடிக்கிறீங்க. திங்கக்கிழமை ஒன்பதுல அஞ்சு தேவையே இல்லாததுன்னு ரிப்போர்ட் சொல்லுது. நீங்க விட்டிருந்தா அதுவே பார்த்திருக்கும்.”

“பாக்கலன்னா?”

“பழைய லாரிப் பழக்கம் போகலன்னா இந்த சீட்டு உங்களுக்கு சரிவராது.”

சிரித்துக்கொண்டே சொன்னார். டீ வேறு வரவழைத்தார். குடித்தேன். எச்சில் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்ன ஜென்மம் நான்.

மெல்ல பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வாட்ச்மேன் ஸ்டூல் கண்முன்னால் வந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். ஓட்டி என்று எழுதுகிறேன், ஓட்டவில்லை. பைக் ஒன்று குறுக்கே வந்தது, கை துடித்தது, பிடிக்கவில்லை. கார் தானே ஒதுங்கியது. மேனேஜர் சொன்னது சரிதானோ.

பிடி: 2.

சஹானா கை கொடுத்தாள். “சூப்பர் அண்ணா.”

டிசம்பர் 16, செவ்வாய்

காலை பனி, அப்புறம் நல்ல வெயில். வெள்ளைச் சட்டை, பிலோ இஸ்திரி போட்டது. பின் சீட்டில் அவர்கள் இரண்டு பேரும் நடுவில் மேனேஜரும். சூளகிரி வரை பிடி இல்லை. பேரிகை, இல்லை. பின்னால் ஒரே சந்தோஷம்.

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

ரத்னம்மாவின் தாள். இன்று வழக்கத்தைவிட உயரம், புதுத் தாள் கொட்டியிருந்தார்கள். அவள் தாளுக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம். திம்மராயனைக் காணோம். அவள் கை தூக்கினாள். உள்ளங்கை கீழே. கை முழுக்க அசைந்தது, மேலும் கீழும். விரல் மடங்கவில்லை.

கார் வேகம் குறையவில்லை. அது வா என்று படித்த கை. நான் படிக்க வைத்தது.

தொடையிலிருந்து என் கை எழுந்தது. ‘ஜீரோ’ என்று மனசுக்குள் கேட்டது. கை திரும்பத் தொடைமேல் போய் உட்கார்ந்தது. அதுவே பார்க்கும் என்று ஒரு நினைப்பு.

அப்புறம் தாளுக்கு மேலே ஒரு தலைப்பாகை. அந்தப் பக்கம் குனிந்து மணி கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பிரேக்கில் ஏறி நின்றேன். கார் தாள்மேல் வழுக்கியது.

இடது கால். தொடைக்குக் கீழே. கத்தவில்லை அவர். ரத்னம்மாதான்.

பின் சீட்டிலிருந்து முதலில் வந்த சத்தம் மேனேஜருடையது. “சவரி, என்ன பண்ணீங்க.”

பால் வண்டியில் ஏற்றினோம், பேரிகையில் ஆம்புலன்ஸ் மாற்றினார்கள். தாள் ஒட்டிய ரத்தம் என் வெள்ளைச் சட்டையில். பிலோ ஒன்றும் கேட்காமல் ஊறவைத்தாள்.

பிடி: 1.

டிசம்பர் 17, புதன்

வெயிலா பனியா, கவனிக்கவில்லை. கம்பெனி வர வேண்டாம் என்றது. கிருஷ்ணகிரி பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண்கள் வார்டு, கடைசிக் கட்டில். கம்பி வைத்திருக்கிறார்கள். கால் இருக்கும், ஆனால் பழையபடி நடக்க மாட்டார், குனிந்து வேலை செய்ய முடியாது என்று நர்ஸ் சொன்னார்.

ரத்னம்மா வராந்தாவில். வாங்கிப் போன ஆரஞ்சுப் பையை நீட்டினேன். வாங்கவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

“ஏன்பா நிறுத்தல?”

“வண்டி, உன் கைய வான்னு நெனச்சிட்டுதும்மா.”

“வண்டிக்கா நான் கை காட்னேன்? டப்பாவுக்கு கண்ணு எங்க கீதுன்னு எனுக்கு எப்டித் தெரியும். உன் மூஞ்சியப் பாத்துதானே காட்னேன். நீயும் என்னியப் பாத்தியே.”

ஆமாம்.

“பாத்தியா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

சொல்லவில்லை. பையைத் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர் மாங்காய்க்கு இந்த வருஷம் பூ முன்னாடியே வந்துவிட்டது என்று ஓசூர் வரை பேசிக்கொண்டே வந்தார். ம் போட்டேன்.

திருட்டுப் பயல் நான். வண்டிமேல் போட்டேன் பழியை. வண்டிக்கு என்ன தெரியும், சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஆபீஸ். மேனேஜர், சஹானா, வக்கீல் மாதிரி ஒருவர். மேஜைமேல் டைப் அடித்த காகிதம், தமிழில், எனக்காக. ‘சம்பவ நேரத்தில் ஓட்டுநர் சாலையைக் கவனிக்கத் தவறினார்.’ கீழே என் பேர், கையெழுத்துக்குக் கோடு.

“இது உங்களுக்கும் நல்லது சவரி,” மேனேஜர். “ஒரு செகண்ட் அசந்துட்டீங்க, யாருக்கும் வர்றதுதான். ஆஸ்பத்திரி செலவு கம்பெனி பார்க்கும். உங்களுக்கு உள்ளேயே வேற வேலை. வண்டி மேல மட்டும் பேச்சு வரக்கூடாது.”

வேறு வேலை என்றால் கேட். ஸ்டூல்.

“வண்டிக்கு உள்ள என்னப் பாக்கிற கேமரா என்ன சொல்லுது சார்?”

சஹானா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். மேனேஜர் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்திருக்கும். திருப்பினாள். பதினாறாம் தேதி நான். கண் ரோட்டில்தான். இமைக்கவில்லை. கை எழுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. ரொம்ப நேரம் ஆனது மாதிரி எனக்கு ஞாபகம். பார்த்தால் அவ்வளவு நேரம் இல்லை. ஆனால் போதுமான நேரம்.

கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் தப்பித்தேன். அசந்தவனை உலகம் மன்னிக்கும். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். கீழே எழுதினேன்:

‘கவனித்தேன். அந்தம்மா மெல்ல என்று கை காட்டியது எனக்குப் புரிந்தது. பிடித்தால் வேலை போகும் என்று பயந்து வண்டிக்கு விட்டுவிட்டேன். வண்டிக்கு அந்தக் கை வா என்று கற்றுக்கொடுத்தவனும் நான்தான். பட்டியலில் மெல்ல இல்லை. 17 இடம்.’

வக்கீல் மாதிரி இருந்தவர் இரண்டு தடவை படித்தார். “இது உனக்கு எதிரா நீயே எழுதற கேஸுப்பா” என்றார். தெரியும் என்றேன். மேனேஜர் காகிதத்தை வாங்கவில்லை. சஹானா வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் யோசித்தேன், வா போடச் சொன்னது அவள் என்று நான் எழுதவில்லை. அவளே, “அது நான் சொன்னது சார்” என்றாள்.

அடையாள அட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குத் திங்கள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிலோ, “லைசென்ஸ் போயிடுமா?” என்றாள். போகலாம் என்றேன். நட்சத்திரத்தில் பல்பு எரியவில்லை, ஒயர் பழசு. சரி செய்ய உட்கார்ந்தேன், செய்யவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

பனி. காலை பஸ்ஸில் கிருஷ்ணகிரி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

வார்டு நீளம். நான் இந்தக் கதவில், ரத்னம்மா அந்தக் கடைசியில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். கை தூக்கினாள். உள்ளங்கை கீழே, அசைந்தது. அவ்வளவு தூரத்துக்கு விரல் தெரியவில்லை, வாவா, மெல்லவா.

அவள் முகத்தைப் பார்த்தேன். திம்மராயன் தூங்குகிறார்.

நின்றேன்.